வருகைப்பதிவேட்டில் அந்தப் பெயரை அடிக்காதீர்கள்: தெருவில் வாழும் குழந்தைகளுக்காக ஒரு திறந்த மடல்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், சேர்க்கைக் கணக்கை மேலிடத்துக்கு அனுப்பும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் மேம்பாலத்தடியிலும் சந்தை ஓரத்திலும் வாழும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கல்வி ஆண்டு தொடங்கும்போது இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. சீருடை, பை, நோட்டு எல்லாம் கொடுக்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். சில மாதம் கழித்து அதே வகுப்புக்குப் போனால் அவர்களில் பலர் அங்கே இல்லை. பதிவேட்டில் அவர்கள் பெயர்மேல் கோடு விழுந்திருக்கிறது.

சேர்த்தது பொய்யல்ல, பிள்ளைகளுக்குப் படிக்க விருப்பமில்லை என்பதும் உண்மையல்ல. தெருவில் வாழும் குழந்தை பள்ளியை விட்டுப் போகும், பிறகு வரும், மறுபடி போகும், மறுபடி வரும். அந்த வாழ்க்கையின் நடை அப்படி. போவதற்கு உங்கள் பள்ளியில் வழி இருக்கிறது. திரும்பி வருவதற்குத்தான் வழி இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

"தெருக்குழந்தை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தது மூன்று வகை. குடும்பத்தோடு நடைபாதையில் வாழும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட அம்மா இருப்பார். ஆனால் ஒரே இரவில் அந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னால் மொத்தக் குடும்பமும் நகரின் மறுகோடிக்குப் போய்விடும். தனியாகவோ கூட்டாளிகளோடோ இருக்கும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட யாரும் இல்லை. மூன்றாவது பிள்ளை இரவில் வீட்டில் தூங்குகிறது, பகலெல்லாம் தெருவில் விற்கிறது. அதற்குத் தாளும் கையெழுத்தும் கிடைக்கும், நேரம்தான் கிடைக்காது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2017-இல் வெளியிட்ட 21ஆம் பொதுக் கருத்துரை இந்தப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது. தெருவை நம்பி வாழ்கிற, வேலை செய்கிற எல்லாரையும் அது உள்ளே வைத்துப் பேசுகிறது. முதல் பிள்ளைக்குத் தேவை புதிய இடத்திலும் செல்லுபடியாகும் பதிவு. இரண்டாவது பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஒரு பெரியவர் வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு வேறு நேரத்தில் நடக்கும் வகுப்பு வேண்டும். மூன்று பேருக்கும் சீருடையை மட்டும் கொடுத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

முதல் தடை எழுத்தர் மேசையில் இருக்கிறது. பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் என்று மூன்று தாள் கேட்பார்கள். ஒன்று இல்லையென்றால் "நாளைக்கு வா". அந்த நாளை வருவதே இல்லை. சட்டம் பல இடங்களில் எழுத்தரைவிட முன்னே போய்விட்டது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பையும் அதற்கு ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியையும் தருகிறது, 14 வயது தாண்டினாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அந்த உரிமை தொடரும் என்றும் சொல்கிறது. உங்கள் நாட்டில் இதற்கு இணையான விதி இருந்தால் அதை ஒரு பக்கத்தில் அச்சடித்து எழுத்தர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தலைமையாசிரியர் அறைச் சுவரில் மாட்டினால் போதாது. மறுப்பு நடப்பது அங்கே இல்லை.

வயது தெரியாத பிள்ளைக்கு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்க அனுப்பாதீர்கள். அந்த முறை முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுவரை தவறலாம், பள்ளிச் சேர்க்கைக்கு அது தேவையும் இல்லை. பிள்ளை சொல்லும் வயதை எழுதி, பக்கத்தில் "சொன்னபடி" என்று குறியுங்கள். பிறகு சான்று கிடைத்தால் திருத்திக்கொள்ளலாம். பெயரிலும் அப்படித்தான். பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், முன்பு இருந்த விடுதியில் ஒரு பெயர். எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அதையே எழுதுங்கள், மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் விடுங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் கட்டம் கைகொடுக்கும்.

சேர்த்த பிறகு எந்த வகுப்பில் உட்கார வைப்பது? தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. எழுத்து தெரியாது என்பதற்காக 12 வயதுப் பையனை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைப்பது ஒன்று. அவன் முழங்கால் அந்த மேசைக்குள் அடங்காது. அவமானம் தாங்காமல் ஒரு வாரத்தில் போய்விடுவான். வயதுக்கேற்ற வகுப்பில் வைத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருப்பது இன்னொன்று. அங்கே அவன் கரும்பலகையைப் பார்த்தபடி நாளெல்லாம் புரியாமல் உட்கார்ந்திருப்பான். பதிவேட்டில் பெயரும் காலை வணக்கக் கூட்டமும் மதிய விளையாட்டும் வயதுக்கேற்ற வகுப்போடு இருக்கட்டும். வாசிப்பும் கணக்கும் மட்டும், தினம் இரண்டு மணி நேரம், நிலைக்கேற்ற குழுவோடு நடக்கட்டும்.

நிலையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு தாளும் போதும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பரப்பிய முறையில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிகள் உண்டு. ஒரு பத்தியைக் கொடுங்கள். வாசித்தால் கதைக்கு ஏறுங்கள், தடுமாறினால் சொல்லுக்கும் அங்கிருந்து எழுத்துக்கும் இறங்குங்கள். தடுமாறாமல் கடந்த படிதான் அந்தப் பிள்ளையின் இடம். இதைத் தனியாக வைத்துச் செய்யுங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். வாசிக்கத் தெரியாததைப் பலர் வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். பேருந்தின் நிறத்தையும் நடத்துநரின் குரலையும் வைத்தே நகரம் முழுவதும் சுற்றியிருப்பார்கள். அந்த மறைப்பு எல்லார் முன்னாலும் கலைந்துபோனால் மறுநாள் வர மாட்டார்கள்.

கணக்கில் நிலைமை வேறு. ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறாக எடைபோடுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து, தெரேசினா கராஹர், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் செய்த ஆய்வு 1985-இல் வெளியானது. பிள்ளைகளுக்கு வயது 9 முதல் 15 வரை. வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டபோது 98 விழுக்காடு விடை சரி. அதே வகைக் கணக்கை வாக்கியமாகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. அவர்களில் ஒரு பிள்ளை தேங்காய் விற்றது. ஒன்று 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்). நான்கு என்ன விலை என்றதும், மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135 என்று படிப்படியாக ஏறி 140 என்று சொல்லிவிட்டது. பிறகு தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னார்கள். "நாலைந்து இருபது, கையில் இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து, அதை நாலால் பெருக்கினால் இருபது" என்று சொல்லிக்கொண்டே எழுதியது. விடை 200.

தவறு எங்கே என்று பாருங்கள். கையில் வைத்த இரண்டைப் பெருக்கிய பிறகு கூட்ட வேண்டும், பிள்ளை பெருக்கும் முன்பே கூட்டிவிட்டது. வாயால் கணக்குப் போடும்போது எண்ணின் அளவு அதன் மனதில் இருந்தது. மூன்று 105 என்று தெரிந்தவருக்கு நான்கு 200 ஆகாது. தாளில் இறங்கியதும் அளவு மறைந்து இலக்கங்கள் மட்டும் மிஞ்சின. கணக்கு வராத பிள்ளை என்று எழுதிவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதிலிருந்து தெரியும். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து நடந்து 2025-இல் வெளியான பெரிய ஆய்வும் இதையே கண்டது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியதையும் அது காட்டியது. இரு பக்கத்தாருக்கும் குறை இருக்கிறது, அந்த இரண்டையும் இணைப்பது ஆசிரியர் வேலை.

இணைப்பது இப்படி. பிள்ளை வாயால் சொல்லும் ஒவ்வொரு படியையும் நீங்கள் பலகையில் எழுதுங்கள்: 35, 70, 105, 140. முதல் சில நாள் பிள்ளை எழுத வேண்டாம். பிறகு அதே படிகளைப் பிள்ளையே எழுதட்டும். அதன் பின் 30ஐ நான்கு முறை, 5ஐ நான்கு முறை என்று பிரித்து, 120, 20 என்று இரண்டு வரியில் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். கையில் வைக்கும் சுருக்குவழியைக் கடைசியில் காட்டுங்கள். ஒவ்வொரு எழுத்துக் கணக்குக்கும் முன்னால் "கிட்டத்தட்ட எவ்வளவு வரும்?" என்று வாயால் கேளுங்கள். தன் விடை தவறு என்று தானே கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கிருந்து வரும். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு மனக்கணக்குச் சொல்லித்தரும் பொறுப்பை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் அதற்குக் கிடைக்கும் முதல் மரியாதை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு இங்கே மதிப்பிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கல்வி தரும் நம்பிக்கை என்று மேடையில் பேசப்படுவது வகுப்பறையில் இப்படித்தான் தொடங்குகிறது.

பள்ளிக்கு வரும் முன் தெருவிலேயே ஓர் இணைப்பு வகுப்பு தேவை. பிள்ளைகள் ஏற்கெனவே கூடும் இடத்தில், தினமும் ஒரே நேரத்தில், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரை. ஒரு பெரியவருக்கு 15 பிள்ளைகள், மிஞ்சினால் 20. எப்போதும் இருவர் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் பாடம் நடத்தும்போது யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டோ காயத்தோடோ வரும். பிலிப்பைன்ஸின் காவிட் நகரில் எஃப்ரென் பெனஃபுளோரிடாவும் நண்பர்களும் தள்ளுவண்டியில் புத்தகமும் பலகையும் ஏற்றிப்போய்த் தெருவில் பாடம் நடத்தினார்கள். 2009-இல் அவருக்குப் பெரிய விருது கிடைத்ததும் அந்த வண்டி உலகெங்கும் தெரியவந்தது. வண்டி கட்டாயமில்லை. நேரம் தவறாமை கட்டாயம். வாரம் மூன்று நாள் வந்து இரண்டு நாள் வராமல் போகும் ஆசிரியரைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வருவேன் என்று சொல்லிவிட்டு வராத பெரியவர்கள் அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறையப் பேர்.

நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பிள்ளையின் ஒரு நாளை மணி மணியாகக் கேட்டு எழுதுங்கள். மொத்தச் சந்தையில் சுமக்கும் பிள்ளைக்கு விடியற்காலைதான் வேலை, பத்து மணிக்கு மேல் கை காலி. சாலைச் சந்திப்பில் விற்கும் பிள்ளைக்கு மாலை நெரிசல்தான் வருமானம். குப்பை பொறுக்கும் பிள்ளை நகராட்சி வண்டி வருமுன் வேலையை முடிக்க வேண்டும். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் சிறுமியிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வா என்றால் அவள் வரவே முடியாது. வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாயும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் வருவாள். வங்காளதேசத்தில் பிராக் அமைப்பு 1985-இல் 22 பள்ளிகளோடு தொடங்கிய ஓர் அறை, ஓர் ஆசிரியர் முறை இதற்கு நல்ல சான்று. பள்ளி நேரத்தைக் குடும்பங்களின் வேலைக்கு ஏற்ப வைத்தார்கள், ஐந்தாண்டுத் தொடக்கப் பாடத்தை நான்கே ஆண்டில் முடித்தார்கள். நேரத்தை வளைத்தால் தரம் குறையும் என்ற பயத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கு மாறத் தயாராகிவிடுவார்கள். அப்போது ஒரு பிள்ளையை மட்டும் தனியே அனுப்பாதீர்கள். தெருவில் ஒன்றாக இருக்கும் இரண்டு மூன்று பேரை ஒரே பள்ளிக்கு, முடிந்தால் ஒரே வகுப்புக்கு அனுப்புங்கள். தெருவில் உயிரைக் காப்பாற்றுவது கூட்டாளிதான். அவனை விட்டுவிட்டு வா என்று பள்ளி சொன்னால் பிள்ளை பள்ளியைத்தான் விடும். முதல் இரண்டு வாரம் இணைப்பு வகுப்பு ஆசிரியர் காலையில் கூடவே வந்து மாலையில் அழைத்துப் போகட்டும். காலை வணக்கக் கூட்டத்தில் இவர்களை மேடையேற்றி அறிமுகப்படுத்த வேண்டாம். எங்கிருந்து வந்தார்கள் என்பது வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்தால் போதும். நன்கொடையாளர் வரும் நாளில் இவர்களை முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். அந்தப் படம் வெளியான மறுநாள் வகுப்பில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புத்தகமும் நோட்டும் பள்ளியிலேயே இருக்கட்டும், பூட்டுள்ள ஒரு பெட்டியில், சாவி பிள்ளையிடம். தெருவில் புத்தகம் மழையில் நனையும், திருடு போகும், இடத்தைக் காலி செய்கிறவர்கள் மூட்டையோடு அள்ளிக்கொண்டு போவார்கள். தொலைத்ததற்குத் திட்டு விழும் என்ற பயத்தில் வராமல் நின்ற பிள்ளைகள் உண்டு. அதே காரணத்தால் வீட்டுப்பாடம் கேட்பதையும் விட்டுவிடுங்கள். விளக்கு இல்லாத இடத்தில் வீட்டுப்பாடம் எங்கே எழுதுவது? மாலையில் அரை மணி நேரம் பள்ளியிலேயே எழுதிவிட்டுப் போகட்டும். முகம் கழுவ, குளிக்க, துணி மாற்ற, பள்ளி தொடங்கும் அரை மணி முன்னால் ஒரு குளியலறையைத் திறந்து வையுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள கழிவறை, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வைத்த நாப்கின், இருட்டுமுன் போய்ச்சேரும் நேரம் ஆகிய மூன்றும் இல்லையென்றால் மற்ற எந்த ஏற்பாடும் அவர்களை நிறுத்தி வைக்காது.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். நடைபாதையில் தூங்குகிறவர்களை விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். இரவில் பயத்தில் பாதித் தூக்கம். அதனால் முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாயும். எழுப்பி நிறுத்தாதீர்கள். அரை மணி, முக்கால் மணி தூங்கவிட்டால் அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளை உங்களுக்குக் கிடைக்கும். பாதுகாப்பாகத் தூங்க முடிகிற ஒரே இடம் அந்த வகுப்பறையாக இருக்கலாம்.

சொறிசிரங்கோ பேனோ இருந்தால் "வீட்டுக்குப் போய்ச் சரியானதும் வா" என்று அனுப்புவது வழக்கம். போவதற்கு வீடில்லை. சிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால், பக்கத்தில் ஒட்டிப் படுக்கிறவரிடமிருந்து மறுபடி தொற்றும். ஒன்றாகத் தூங்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போட்டு, துணியும் போர்வையும் சுடுநீரில் துவைத்து, சுகாதார நிலையம் சொல்லும் இடைவெளியில் இரண்டாம் முறையும் போட்டால்தான் போகும். இதைச் சுகாதார நிலையத்தோடு சேர்ந்து பள்ளி ஏற்பாடு செய்ய முடியும்.

பசையையோ பெயின்ட் கரைப்பானையோ முகரும் பழக்கத்தைப் பற்றிப் பேசப் பலர் தயங்குகிறார்கள். பசியும் குளிரும் மறக்கவே பிள்ளைகள் பெரும்பாலும் இதில் இறங்குகிறார்கள். கண்டவுடன் துரத்துவதும் மிரட்டிப் பிடிப்பதும் உயிருக்கே ஆபத்து. அந்த ஆவியை உள்ளிழுத்திருக்கும் நேரத்தில் இதயம் அதிர்ச்சிக்கும் ஓட்டத்துக்கும் மிகையாக எதிர்வினை காட்டும், துடிப்பு தாறுமாறாகித் திடீர்ச் சாவு நேரலாம். அமைதியாகப் பேசிக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள், மயக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஒருவர் கூடவே இருங்கள், மூச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பாடம் இல்லை, ஆனால் மறுநாள் பள்ளி உண்டு. "இதை விட்டால்தான் வகுப்பு" என்று நிபந்தனை போட்டால் அதை விடுவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிவிடுகிறீர்கள்.

இனி மடலின் மையத்துக்கு வருகிறோம்.

பிள்ளை வராமல் போவதற்குக் காரணங்கள் எங்களுக்குத் தெரிந்தவரை திரும்பத் திரும்ப இவைதான்: இடத்தைக் காலி செய்தார்கள், போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, அப்பாவோ அம்மாவோ சிறையில், பருவ வேலைக்குக் குடும்பம் வெளியூர் போனது, காய்ச்சல், கூட்டாளியோடு சண்டை, பள்ளியில் யாரோ அடித்தது அல்லது கேலி செய்தது, விற்பனை அதிகமுள்ள பண்டிகைக் காலம். இதில் ஒன்றுகூடப் படிப்பில் அக்கறையின்மை இல்லை. ஆனால் பதிவேட்டில் "நீண்ட நாள் வரவில்லை" என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து சேர்க்கை, மறுபடி மூன்று தாள், அம்மாவைக் கூட்டிவா, மன்னிப்புக் கடிதம் எழுது. பிள்ளை வாசலோடு திரும்பிவிடும். இரண்டு முறை அப்படித் திரும்பிய பிள்ளை மூன்றாம் முறை வருவது மிகவும் அரிது.

இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது அதிகமில்லை. வராத முதல் நாளே கூட்டாளிகளிடம் விசாரியுங்கள், பத்தில் எட்டு முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் சொன்னால் மிகையாகாது. மூன்றாம் நாள் தெருவில் வேலை செய்யும் ஒருவர் அந்த இடத்துக்குப் போகட்டும். போகிறவர் "ஏன் வரவில்லை?" என்று தொடங்க வேண்டாம். "உன் பெட்டி அப்படியே இருக்கு" என்று சொன்னால் போதும். காரணத்தைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதுங்கள், பெயரை அப்படியே வையுங்கள். ஒரு வாரமானாலும் மூன்று மாதமானாலும் அந்த ஆண்டு முழுவதும் பெயர் இருக்கட்டும். திரும்பி வரும் நாளில் கையெழுத்தோ விளக்கமோ கேட்காமல் உள்ளே விடுங்கள். அன்று மாலைக்குள் பத்து நிமிடம் எடுத்து, எங்கே விட்டது, எது நினைவிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் உறை வைத்து, முடித்த படி, அடுத்த படி, கடைசியாக எழுதிய பக்கம் ஆகியவற்றைப் போட்டு வைத்திருந்தால் அடுத்த பாடத்தை அதிலிருந்தே எடுக்கலாம். குடும்பம் வேறு பகுதிக்குப் போயிருந்தால் அந்த உறையின் நகல் அங்கிருக்கும் பள்ளிக்குப் போகட்டும்.

பாடத்திட்டத்தையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய நீண்ட பாடங்களில் இரண்டு வாரம் தவறினால் பிள்ளை தொலைந்துபோகும். வாசிப்பையும் கணக்கையும் பத்துப் பத்து நாள் அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "இதை முடித்தாய்" என்று ஒரு சிறு சான்று எழுதிக் கொடுங்கள். நடுவில் போகும் பிள்ளை வெறுங்கையோடு போகாது, திரும்பும்போது எந்த அலகில் சேர வேண்டும் என்று அதற்கே தெரியும். அந்தச் சான்றுகளைப் பிளாஸ்டிக் உறையில் மடித்து இடுப்பில் செருகி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு, அதில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணம் அந்த உறைக்குள் இருக்கிறது. "அடுத்த தேர்வு எப்போ?" என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கினால் அதைக் குறித்து வையுங்கள். இன்றிரவுக்கு அப்பால் யோசிக்கத் தொடங்கிவிட்டது.

தெருவிலிருந்து பிள்ளைகளை மொத்தமாக அள்ளிப் பூட்டிய விடுதியில் அடைத்துவிட்டு அதையும் கல்விக் கணக்கில் எழுதும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. நாம் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுக் கருத்துரை இந்த வகை அள்ளலை ஏற்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய பொருளாக அல்ல, உரிமையும் கருத்தும் உள்ள ஆளாக நடத்தச் சொல்கிறது. எங்கள் அனுபவத்தில் அள்ளல் நடந்த மறுவாரம் இணைப்பு வகுப்புகள் காலியாகிவிடும், ஆசிரியர்தான் காட்டிக்கொடுத்தார் என்று பேச்சு கிளம்பும். ஆகவே பிள்ளைகளின் இருப்பிடப் பட்டியலைப் பள்ளி வேறெந்தத் துறைக்கும் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு வன்முறை நடக்கிறது என்று தெரிந்தால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். அதைப் பிள்ளையிடம் முன்பே தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு முகவரி, அடையாள அட்டை, புகைப்படம், பெயர் பொருத்தம் எல்லாம் கடைசி மாதத்தில் கேட்கப்படுகின்றன. ஓராண்டு முன்பே தொடங்குங்கள். பள்ளி முகவரியையே தொடர்பு முகவரியாக ஏற்கும்படி தேர்வுத் துறையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு பிள்ளை எங்கே தூங்கும் என்பதையும் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

கல்வி அலுவலர்களே, மேலே உள்ள எதுவும் நடக்காமல் போவதற்கு முதல் காரணம் உங்கள் படிவம். அதில் "புதிதாகச் சேர்ந்தோர்" என்று ஒரே கட்டம். கென்யா 2003-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே ஆண்டில் உள்ளே வந்தார்கள், அவர்களில் வயது கூடியவர்களும் தெருப்பிள்ளைகளும் இருந்தார்கள். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன, ஆசிரியர் எண்ணிக்கை அதற்கு ஈடாக ஏறவில்லை. கதவைத் திறப்பது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பள்ளிகள் சேர்ந்த எண்ணிக்கையை மட்டும்தான் தரும். ஒரே பிள்ளையை மூன்று ஆண்டு மூன்று முறை புதிதாகச் சேர்த்தாலும் கணக்கில் மூன்று பிள்ளைகள்தான்.

படிவத்தில் நான்கு கட்டம் கூட்டித் தாருங்கள்: 30ஆம் நாள் வகுப்பில் இருந்தவர்கள், 90ஆம் நாள் இருந்தவர்கள், இடையில் போய்த் திரும்பி வந்தவர்கள், வாசிப்பில் ஒரு படியாவது ஏறியவர்கள். மூன்றாவது கட்டத்தில் எண் கூடினால் அந்தப் பள்ளியைப் பாராட்டுங்கள், விளக்கம் கேட்காதீர்கள். இடைநிற்றல் விகிதம் கூடிவிடும் என்ற பயத்தில்தான் தலைமையாசிரியர்கள் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கவே தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை எடுக்க உங்களால் மட்டுமே முடியும். கூடவே, 20 தெருப்பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒவ்வொன்றுக்கும், பாதி நாள் வகுப்பிலும் பாதி நாள் தெருவிலும் வேலை செய்யும் ஒருவரை நியமியுங்கள். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். திட்டம் முடியும் மார்ச்சோடு வேலையும் முடிகிற ஆளாக இருந்தால், ஜூனில் வரும் புதியவரைப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பிள்ளைகளின் இடம் அவருக்குத் தெரியாது.

அடுத்த கல்வி ஆண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகுமுன் இந்த நான்கு கட்டங்களும் அதில் ஏற வேண்டும். மாதிரிப் படிவத்தையும், தாள் உறையில் வைக்கும் பதிவுத்தாளையும், பத்து நாள் அலகுகளின் பட்டியலையும் நாங்கள் எழுதித் தருகிறோம். நேரம் குறித்துச் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
தெருவில் வாழும் குழந்தைகளின் கல்விப் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும்